தொட்டிக்குள் சிவப்பு

என் அண்ணன் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவருக்குப் படகுச் சிவப்பு அடித்த அன்று நான் மணலியில் வேலையில் இருந்தேன். மாலை ராயபுரத்தில் பேருந்தைவிட்டு இறங்கி, எங்கள் சந்துக்குள் நடந்து, மாடிப்படியில் கால் வைத்ததுமே நெடி வந்தது. சுவர்ப் பெயிண்டின் வாசனை அந்த வாரம் முழுக்க எனக்குப் பழகியிருந்தது. இது வேறு. தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் நெடி.

ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கு வளைகாப்பு. ஏழாவது மாதம். அதற்காகத்தான் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தோம். அண்ணி வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி சிரித்தாள்.

“மேல போய்ப் பாரு. உங்கண்ணன் எனக்காக இன்னா பண்ணிக்கினு கீறாருன்னு.”

மேலே போனேன். மொட்டை மாடி மூலையில் இருக்கும் செங்கல் தொட்டிக்குள்ளிருந்து அண்ணனின் தலை மட்டும் தெரிந்தது. இரண்டு கையும் முழங்கைவரை சிவப்பு. நான்கு உட்சுவரும் சிவப்பு. தரைக்கும் அடித்துக்கொண்டே பின்வாங்கி, கடைசி மூலையில் நின்றுகொண்டிருந்தான்.

“இன்னாமே, சோக்கா கீதா? இனிமே ஒரு பாசி வராது பாரு. கொழந்த பொறந்து, அது கல்யாணம் கட்டிக்கினு போறவரைக்கும் தாங்கும்.”

அண்ணன் காசிமேட்டில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளை, எங்கள் பேச்சில் லாஞ்சுகளை, கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சிவப்பு அடிப்பார்கள். சிவப்பு அடித்த லாஞ்சில் சிப்பி ஒட்டாது. பாசி பிடிக்காது. படகு இலகுவாக ஓடும், டீசல் குறையும். பெயிண்டை வாங்கித் தருவது லாஞ்சுக்காரர். அடித்து முடித்தபின் டின்னில் மிஞ்சுவது அடித்தவனுக்கு. கடலுக்குப் போய் வந்தவனுக்குக் குழம்புக்கு மீன் கொடுப்பதுபோல அது ஒரு வழக்கம். அந்த மிச்சத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை, அளந்து கொடுப்பதில்லை. வேண்டாமென்று சொல்வதும் இல்லை. சொன்னால் லாஞ்சுக்காரரை முகத்தில் அடித்தது மாதிரி.

அண்ணிக்கு எங்கள் தொட்டித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. டம்ளரில் ஒருநாள் பச்சையாக ஒரு இழை மிதந்தது, அதைப் பார்த்து வாந்தி எடுத்தாள். அண்ணன் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தான். பாசி திரும்ப வந்தது. கடல் தண்ணீரிலேயே பாசியை அண்டவிடாத பெயிண்ட், குடிதண்ணீர்த் தொட்டியில் பாசியை விடுமா என்று யோசித்திருக்கிறான். அந்த யோசனையில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் மூட்டுவது அதுதான். ஒருவன் மடத்தனமாகச் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவன் மனைவிமேல் உள்ள அன்பால், தொழிலில் கண்ணால் கண்டதை வைத்து, கணக்காகச் செய்தான்.

நான் படித்தது கெமிக்கல் டிப்ளமோ. ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் கழிவுநீரைச் சோதிப்பது என் வேலை. அந்தச் சிவப்பு என்ன என்று எனக்குத் தெரியும். அந்த நிறமே செம்பிலிருந்து வருவது. அதனுடன் வேறு உயிர்க்கொல்லிகளும் சேர்த்திருப்பார்கள். மற்ற பெயிண்ட் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு கரையாமல் இருப்பதற்காகச் செய்தவை. இது கரைவதற்காகவே செய்தது. தண்ணீரில் துளித்துளியாகக் கரைந்து, பக்கத்தில் வரும் உயிரைக் கொல்லும். கரைவது நின்றால் அது கெட்டுப்போன பெயிண்ட்.

டின் கைப்பிடிச் சுவர்மேல் இருந்தது. எடுத்துத் திருப்பினேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்துகள். அவற்றுக்கு மேலே சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு படம்: இலையில்லாத மரம், பக்கத்தில் ஒரு மீன்.

“இந்தப் படத்தப் பாத்தியா?” என்று கேட்டேன்.

“பாத்தேன். மீனு.”

“மீனு எப்பிடிக் கீது?”

“மல்லாந்துகினு கீது.”

“செத்துப்போய்க் கீது.”

“செத்த மீனுதான். அம்மா விக்கிற கூடையில மட்டும் நீந்திக்கினா கீது? மீன் புடிக்கிற லாஞ்சுக்கு அடிக்கிற பெயிண்ட்டு, அதான் மீன் படம் போட்டுக்கீறான்.”

“அந்த மரம்?”

“மர லாஞ்சுக்கும் அடிக்கலாம்னு.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த மொழிக்காரனுக்கும் புரியும் என்று நம்பி வரைந்த எச்சரிக்கைப் படம் அது. உயிரோடு நீந்தும் மீனைவிடச் செத்த மீனையே அதிகம் பார்க்கும் வீடுகளும் உலகத்தில் இருக்கின்றன என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குச் செத்த மீன் என்றால் சோறு.

“இந்தப் பெயிண்ட்டு அடிச்சா ஏன் பாசி வரமாட்டேங்குது, சொல்லு.”

“வரமாட்டேங்குது, அவ்ளோதான்.”

“பாசிய அது கொல்லுது. தண்ணில கரைஞ்சி கரைஞ்சிதான் கொல்லுது. அந்தத் தண்ணிய அண்ணி குடிக்கப் போறாங்க.”

“ஏய், பாசிக்கும் எம் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாதா அதுக்கு?”

“தெரியாது.”

அவன் பிரஷ்ஷைத் தொட்டி விளிம்பில் வைத்தான். முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. அதற்குள் அம்மா மேலே வந்துவிட்டாள். மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவள் குரலுக்கு மாடிப்படி ஒரு தடையே இல்லை.

“இன்னாடி சத்தம்? தெருவே கேக்குது.”

சொன்னேன். மூன்று விஷயங்களாகப் பிரித்துச் சொன்னேன்: இதில் என்ன இருக்கிறது, அது தண்ணீரில் எப்படி இறங்கும், வயிற்றுப் பிள்ளைக்கு ஏன் ஆகாது. அம்மா மூன்றையும் ஒன்றாக ஒதுக்கினாள்.

“இவளுக்கு எதுதான் ஆவும்? பிளாஸ்டிக் கவர்ல டீ ஆவாது. பேப்பர்ல பஜ்ஜி ஆவாது. ஒரு வாட்டி பொரிச்ச எண்ணெயில இன்னொரு வாட்டி பொரிச்சா ஆவாது. இப்ப அண்ணன் பெயிண்ட்டும் ஆவாது. காலைல தண்ணி வரும், ரொப்பணும். ஞாயித்துக்கெழம சனம் வரும். உன் பாடத்த அப்பால நடத்து.”

நான் வாக்குவாதத்தை நிறுத்தினேன். அண்ணனின் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் குழாயின் வால்வை இறுக்கி மூடினேன். வால்வின் தலையில் இருக்கும் சக்கரப் பிடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“நாத்தனாருன்னா வளைகாப்புக்கு வளையல் கொண்டாருவாங்க. இவ வால்வக் கழட்டிக்கினு போறா,” என்றான் அண்ணன். அம்மாகூடச் சிரித்தாள். நான் கீழே இறங்கிப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொன்னேன். வால்வை மூடியவள்தான் தண்ணீர் சுமக்க வேண்டும், அது நியாயம். கீழ்க்குழாயில் பிடித்துப் பிடித்து மேலே ஏற்றினேன். சமையலுக்கு, குளிக்க, பாத்திரத்துக்கு. அம்மா என் வழியில் ஒரு காலிக் கூடையை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். துணி உலர்த்தும்போது எட்டிப் பேசும் அளவுக்குத்தான் எங்கள் மாடிக்கும் பக்கத்து மாடிக்கும் நடுச்சுவர். அங்கிருந்து பக்கத்து வீட்டு அத்தை கூப்பிட்டார். அம்மாவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து மீன் விற்பவர். உறவில்லை, ஆனால் அத்தை.

“இன்னாடி கண்ணு, இந்த வெயில்ல கொடம் தூக்கிக்கினு கீறே? உங்க தொட்டி காயறவரைக்கும் எங்க தொட்டில மொண்டுக்கோ. கண்ணாடியாட்டம் கீது தண்ணி.”

குடத்தோடு சுவரைத் தாண்டினேன். அத்தை வீட்டுத் தொட்டி சின்னது. தகர மூடியைத் தூக்கினேன்.

உள்ளே சிவப்பு.

தண்ணீர் படாத மேல்விளிம்பில் நல்ல சிவப்பு. தண்ணீர் நிற்கும் இடத்துக்குக் கீழே வெளிறி, திட்டுத்திட்டாகச் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தது. வெளிறிய இடத்தில் இருந்த சிவப்பு எங்கே போயிருக்கும் என்பதை அறிய நான் படித்திருக்கவே தேவையில்லை. தண்ணீர் நிஜமாகவே கண்ணாடியாட்டம்தான் இருந்தது. ஒரு பாசி இல்லை. ஒரு புழு இல்லை. ஒன்றுமே இல்லை.

“இத்த யாரு அடிச்சது அத்தை?”

“உங்கண்ணன்தான். போன தடைக்காலத்துல. நீ அப்ப ஓசூர் பக்கம் வேலையில இருந்தே. உங்க தொட்டிக்கு மிச்சம் பத்தலன்னு எங்களுக்கு அடிச்சிக் குடுத்தான். தங்கமான புள்ள.”

“குடிக்கிறீங்களா?”

“குடிக்காம? உங்கண்ணியே இத்தத்தானே குடிக்கிறா. வாந்தி ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க வூட்டுத் தண்ணி பாசி நாத்தம் அடிக்குதாம் அவளுக்கு. டெய்லி ஒரு கொடம் நான்தான் சொவுத்து மேல வெச்சிக் குடுக்கறேன். புள்ளத்தாச்சி, நல்ல தண்ணி குடிக்கட்டுமே.”

நான் மூடியைப் போட்டேன். போட்டேனா, கைநழுவி விழுந்ததா, நினைவில்லை. சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. அத்தை பயந்துபோய் “இன்னாடி?” என்றார். அவர் செய்ததும் அன்பு, அண்ணன் செய்ததும் அன்பு. அத்தனை அன்பும் குடம் குடமாக ஒரு கர்ப்பிணியின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அந்தத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அண்ணி சொன்னதால்தான் அண்ணன் எங்கள் தொட்டிக்கும் அடித்திருக்கிறான்.

கீழே ஓடினேன். அண்ணி கையில் டம்ளர். பிடுங்கினேன். புடவையெல்லாம் தண்ணீர்.

“இன்னா ஆச்சு உனக்கு?” என்று கத்தினாள். சொன்னதும் கத்தவில்லை. டம்ளர் இருந்த கையை அப்படியே காற்றில் வைத்திருந்தாள். “சுத்தமான தண்ணின்னுதானே குடிச்சேன்,” என்றாள். அவள் அதை மூன்று முறை சொன்னாள். யாரோ அவளைக் குற்றம் சொன்னதுபோல. நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரியவைக்க என் குரலில் இருந்த கோபம் விடவில்லை.

டின்னைப் படம் எடுத்துக்கொண்டு அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு அவளை அழைத்துப் போனேன். வரிசையில் நின்று, உள்ளே போய், டாக்டரிடம் சொன்னேன். அவர் முதலில் எந்தத் தொட்டி, எந்தப் பெயிண்ட் என்று இரண்டு முறை கேட்டார். நம்ப முடியாமல்தான் கேட்டார். பிறகு ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் பார்த்தார்.

“ஸ்கேன்ல குழந்தை நல்லா இருக்கும்மா. இனிமே அந்தத் தண்ணியைத் தொடக் கூடாது. மத்ததைப் பொறந்தப்புறம்தான் சொல்ல முடியும்.”

மத்ததை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மிச்ச நாட்களைக் கழிக்கச் சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் எங்கள் ஆய்வகத்தில் அத்தை வீட்டுத் தண்ணீரை நானே சோதித்தேன். செம்பு, குடிநீரில் இருக்கலாம் என்று விதித்த அளவைத் தாண்டி இருந்தது. மற்ற கொல்லிகளைச் சோதிக்க எங்களிடம் கருவி இல்லை. அவற்றைக் கழிவுநீரில் தேடச் சொல்லி எங்களிடம் யாரும் கேட்டதில்லை, அதனால் கருவி இல்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வீட்டில் அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தான். நான் அண்ணியிடம் சொன்னதைக் கேட்டிருந்த அத்தை அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அந்த டின்னு இன்னும் பாதி கீது,” என்றான். “இன்னா பண்றது?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் எனக்குக் கோபம் முழுதாக வந்தது.

மாடிப்படிக்கு அடியில் எங்கள் வீட்டில் பெயிண்ட் டின்கள் குவிந்து கிடக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடித்ததன் மிச்சம். சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்தேன். தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்டில், கிளறினால் இன்னும் சேரும் டின்கள் ஒரு பக்கம். அவற்றை ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்தால் ஒரு சாம்பல் நீலம் வந்தது, கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறைச் சுவருக்கு அடிக்க அம்மா மூடி வைத்துக்கொண்டாள். கட்டி தட்டிப்போனவற்றில் மரத்தூளும் மணலும் கொட்டிக் கிளறி, மூடியைத் திறந்து வெயிலில் வைத்தேன். முழுக்கக் கல்லானபின் குப்பைக்குப் போகலாம், ஈரமாகப் போகக் கூடாது. கிரில்லுக்கு அடித்த ஆயில் பெயிண்டை இறுக்கி மூடி, கேட்டுக்கு அடிக்கவிருந்த எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். பிரஷ் கழுவிய தின்னரை ஒரு பாட்டிலில் தெளியவிட்டேன். மேலே தெளிந்தது மறுபடி உதவும். இவ்வளவும் ஒரு காலைப் பொழுது வேலை. யாருக்கும் பெரிய படிப்பு தேவையில்லை.

சிவப்புக்கு மட்டும் வழியில்லை.

குப்பை வண்டியோடு வரும் அக்காவிடம் காட்டினேன். “மக்குற குப்பையா, மக்காத குப்பையா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். “அப்ப எங்கிட்ட ரெண்டு டப்பாதான் கீது. மூணாவதுக்கு நான் எங்க போவேன்?” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பழைய இரும்புக் கடைக்காரர் டின்னை ஆசையாகப் பார்த்தார். “உள்ள கீறத ஊத்திட்டுக் குடு தங்கச்சி.” எங்கே ஊற்ற என்று கேட்டேன். கடைக்கு முன்னால் ஓடும் கால்வாயைக் கண்ணால் காட்டினார். கால்வாய் ஓரம் ஏற்கெனவே வானவில் மாதிரி நிறம் நிறமாகக் காய்ந்திருந்தது. அந்தக் கால்வாய் போய்ச் சேரும் கடலில்தான் எங்கள் தெரு மீன் பிடிக்கிறது.

“கடலுக்கு அடிச்சது, கடலுக்கே போவட்டும்,” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நான் திரும்பவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன். “டின்ன எடு. குடுத்தவங்ககிட்டயே குடுத்துடலாம்.”

“உனக்குப் பைத்தியமா? மிச்சத்தத் திருப்பிக் குடுத்தா அடுத்த வருசம் எவன் என்னக் கூப்புடுவான்?”

“சரி. நான் போறேன்.”

நான் படி இறங்குவதற்குள் அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

லாஞ்சுக்காரர் கரையேற்றிய ஒரு படகின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய இன்னொரு லாஞ்சு. அடிப்பாகத்தை இருவர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மரியாதையான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாம்மா. தங்கச்சியா? குந்து.”

நான் உட்காரவில்லை. டின்னை அவர் காலடியில் வைத்தேன். “இத்தத் திருப்பிக் குடுக்க வந்தோம்.”

அவர் என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். “இன்னாடா இது? மிச்சம் அடிச்சவனுக்கு. நான் குடுத்தத திருப்பி வெக்கிற அளவுக்கு இன்னா கொறச்சல் பண்ணேன் உனக்கு?”

“இல்ல மொதலாளி... தங்கச்சி...” என்று அண்ணன் இழுத்தான்.

“உங்க வூட்டுத் தண்ணித் தொட்டிக்கு இத்த அடிப்பீங்களா?” என்று நான் கேட்டேன்.

“தொட்டிக்கா?” சிரித்துவிட்டார். “ஐயய்யோ. வெஷம்மா அது. கையில பட்டாக்கூட எரியும். எங்க வூட்டுக்குள்ள கொண்டாரவே உடமாட்டேன். சின்னப் பசங்க கீறாங்கோ.”

வழியெல்லாம் நான் மனதுக்குள் அடுக்கி வந்தவை: அதில் என்ன இருக்கிறது, அது என்ன செய்யும், ஏன் கொடுக்கக் கூடாது. ஒன்றும் தேவைப்படவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தே தன் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி, எங்கள் வீட்டுக்குள் அனுப்பியிருந்தார். அதுவும் சிரித்த முகத்தோடு, அன்பளிப்பாக.

“அப்ப இவனுக்கு எதுக்குக் குடுத்தீங்க?”

“வழக்கம்மா. எங்கப்பா குடுத்தாரு, நான் குடுக்கறேன். வாங்கிக்கினு போறவன் இன்னா பண்ணுவான்னு கேக்கறதா?”

“இவனுக்கு லாஞ்சு கீதா?”

அவர் மறுபடி அண்ணனைப் பார்த்தார்.

“கட்டுமரம் கீதா? லாஞ்சுக்கு மட்டும் அடிக்கிற பெயிண்ட்ட, லாஞ்சு இல்லாதவன் வூட்டுக்குக் கொண்டுபோய் எதுக்கு அடிப்பான்னு நெனச்சீங்க?”

சுரண்டும் சத்தம் நின்றது. படகுக்கு அடியிலிருந்து ஒரு குரல், “சரியான கேள்வி நைனா. பதில் சொல்லு,” என்றது. இன்னொருவர் சிரித்தார். லாஞ்சுக்காரரின் முகம் இறுகியது. “இன்னாடா, படிச்ச தங்கச்சியக் கூட்டியாந்து என்ன அசிங்கப்படுத்துறியா?” என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். அவனுக்கு அடுத்த வருட வேலை இருக்கிறது.

“சின்னப் பசங்க கீறாங்கோன்னு சொன்னீங்களே மொதலாளி,” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். “எங்க வூட்லயும் வரப்போவுது. அது உங்களுக்குத் தெரியும். சொவீட்டு வாங்கிக் குடுத்தீங்க.”

பிறகு ஸ்க்ரூடிரைவரால் டின்னின் மூடியை நெம்பித் திறந்தான். படகுக்கு அடியில் இருந்தவரிடம் பிரஷ்ஷும் கையுறையும் வாங்கினான். ஏற்கெனவே சுரண்டி முடித்திருந்த சுக்கானுக்கு அடிக்க ஆரம்பித்தான். அவசரப்படவில்லை. வேலையில் அவன் எப்போதும் அடிப்பதுபோல, மேலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல். டின் காலியாகும்வரை அடித்தான். அந்தப் பெயிண்டுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சரியான இடம் அதுதான். லாஞ்சுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. தடுக்க என்ன சொல்வார்?

“மிச்சம் இல்ல மொதலாளி. டின்ன நீங்களே வெச்சிக்கோங்க,” என்று சொல்லிவிட்டு அண்ணன் நடந்தான்.

வளைகாப்பு லாரித் தண்ணீரில் நடந்தது. அம்மா பேரல்களைச் சுற்றிக் கோலம் போட்டாள். வந்தவர்களிடம் “தொட்டி ரிப்பேரு” என்றாள். அண்ணிக்கு முதல் வளையலை என்னைப் போடச் சொன்னாள். அன்றைக்கே அண்ணியைக் கத்திவாக்கத்தில் அவள் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் அண்ணன் தொட்டியை உடைத்தான். சுரண்டி எடுத்தால் போதாதா என்று கேட்டான். செங்கல்லும் சிமெண்டும் குடித்துவிட்டிருக்கும், சுரண்டினால் தூள் பறக்கும் என்றேன். வாயில் மாஸ்க் கட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து உடைத்தோம். சிவப்பு ஒட்டியிருந்த துண்டுகளை மட்டும் பொறுக்கிச் சாக்குகளில் கட்டினோம். வால்வுப் பிடியை எடுத்துக்கொடுத்தேன், புது பிளாஸ்டிக் தொட்டிக்கு மாட்டினான்.

மாதா திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள். எதை வைத்து நன்றாக என்கிறீர்கள் என்று டாக்டரைக் கேட்டேன். எடை, அழுகை, கை கால் அசைவு என்றார். இந்த மூன்றிலும் அவள் முதல் வகுப்பு. அண்ணி அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் குழந்தைக்குக் கொஞ்சம் இருமல் வந்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். எங்கள் வீட்டில் அந்தப் பார்வை இருக்கும்வரை என் கோபமும் இருக்கும்.

எங்கள் சந்தில் வேறு தொட்டி மூடிகளையும் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு அத்தை வீட்டோடு நிற்கவில்லை, வேறு வீடுகளிலும் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மூடியைப் பெருமையாகத்தான் திறந்து காட்டினார்கள். சிலர் உடைத்தார்கள். அத்தை உடைக்கவில்லை. “இனிமே துணி துவைக்க மட்டுந்தான்டி,” என்கிறார். பாசி பிடிக்காத தொட்டியை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

சாக்குகள் எங்கள் மொட்டை மாடியில்தான் கிடக்கின்றன. மழைக்கு முன்னால் பள்ளத்தை மேடாக்க ஜல்லி கேட்டு வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். ஒருவர் கேட்காமலே ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிவிட்டார், படியில் மறித்து வாங்கினேன். எங்கே சேர்ப்பது என்று அலுவலகம் அலுவலகமாகக் கேட்டேன். ஒரு வீட்டின் கழிவை எடுத்துக்கொள்ள எங்களிடம் வழி இல்லை, தொழிற்சாலை என்றால் உண்டு என்றார்கள். எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று டின்னில் இருந்த படத்தைப் பெரிதாக வரைந்து மூட்டைமேல் ஒட்டினேன். அண்ணன் பார்த்தான். கிழித்துப் போட்டான்.

“இத்தப் பாத்து எவன் பயப்படுவான்? இது ஃப்ரெஷ் மீனு.”

கல்லறைக்காக வைத்திருந்த சாம்பல் நீலத்தில் கொஞ்சம் எடுத்து, ஒவ்வொரு சாக்கின் மேலும் அவனே வரைந்தான். குழிவிழுந்த கண். உப்பி வெடித்த வயிறு. செவுள் தொங்கி, மேலே ஈக்கள். எங்கள் தெருவில் அதைத் தொடுகிற ஆள் கிடையாது.

போன வாரம் கட்டட இடிபாடு ஏற்றும் வண்டிக்காரரை மாடிக்கு அழைத்து வந்தேன். குழந்தை என் இடுப்பில் இருந்தாள். எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பார் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அழைத்திருந்தேன். அவர் சாக்கைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார்.

“இன்னாம்மா இது, அழுகினதா?”

“ஆமா.”

“அப்ப நான் தொடமாட்டேன்,” என்று இறங்கிப் போய்விட்டார்.

ஒரு மனிதருக்காவது அந்தப் படம் புரிந்தது. மூட்டைகள் அங்கேயே இருக்கின்றன. குழந்தை இப்போது தவழ்கிறாள். மாடிக் கதவுக்கு அண்ணன் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டிருக்கிறான்.